காலடியில் தொடங்கும் விசாரணை: பழைய கார்களின் பிரேக் கோளாறுகளை வீட்டில் கண்டறிதல்

மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் ஆலையும் கதவை மூடியது. பிரீமியர் பத்மினி அவற்றுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்பே விடைபெற்றுவிட்டது. என்றாலும் இந்த வண்டிகள் தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. பதிவுச் சான்றின் பதினைந்து ஆண்டுகள் முடிந்த பின்னும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். சிலருக்கு வண்டிமேல் பிரியம். பலருக்கு வேறு வாங்க வழியில்லை.

பிரேக் உதிரிபாகத்துக்கு இங்கே பெரிய பஞ்சமில்லை. பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தொடங்கியதே சென்னைப் பாடியில்தான். லைனிங் செய்யும் ரானே, சுந்தரம் நிறுவனங்களும் அதே வட்டாரத்தில் வளர்ந்தவை. பஞ்சமெல்லாம் கோளாறைப் பொறுமையாகப் படித்துச் சொல்லும் ஆளுக்குத்தான். “பிரேக் சரியில்லை” என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டு வந்தால், சாயங்காலம் பேட், ஷூ, ஆயில் எல்லாம் மாற்றியதற்குப் பில் வரும். கோளாறும் கூடவே வீட்டுக்குத் திரும்பி வரும். மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட தகவல் இரண்டே சொல்.

வீட்டில் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் கோளாறு எந்தப் பகுதியில், எந்தச் சக்கரத்தில் என்று சுருக்கிக் கொண்டுவருவது. ரிப்பேர் அதற்கு அடுத்த கட்டம். அதை யார் செய்வது என்பது வேறு கேள்வி. கண்டறிவதற்கு ஒரு ஜாக்கி, கனமான இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டைகள், ஒரு டார்ச், ஏர் எடுக்கும் நிப்பிளுக்குப் பொருந்தும் ஸ்பேனர், பெடலை மிதிக்க இன்னொரு ஆள், இவ்வளவு போதும்.

மூன்று கேள்விகள்

பிரேக்கின் வேலையை மூன்று கேள்வியாகப் பிரித்துக்கொள்ளலாம். கால் கொடுத்த அழுத்தம் சக்கரம்வரை போய்ச் சேருகிறதா? சேர்ந்த அழுத்தம் உராய்வாக மாறுகிறதா? காலை எடுத்ததும் பிடி விடுகிறதா? மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பைப், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் முதல் கேள்விக்குள் வரும். பேட், லைனிங், டிஸ்க், டிரம் இரண்டாவதில். ரிட்டர்ன் ஸ்பிரிங், காலிப்பர் பின், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவை மூன்றாவதில். பழைய வண்டிகளில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி முதல் கேள்வியின் கோளாறுக்கு இரண்டாவது கேள்வியின் பாகத்தை வாங்கி மாட்டுவதில் போகிறது. பெடல் மெல்லக் கீழே இறங்குகிறது என்று சொன்னவருக்குப் புது பேட் போட்டுக்கொடுப்பது இந்த ரகம். எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் பெடல் இறங்கத்தான் செய்யும்.

எதற்கும் முன்னால் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்க வேண்டும். பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை ஆயில் நிரப்பும். ஆகவே மாதக்கணக்கில் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தேய்மானத்தின் கணக்கு. ஒரு வாரத்தில் இறங்கினால் அது கசிவு. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் மேலே ஊற்றி விளக்கை அணைப்பவர்கள், வண்டி தானே சொல்லவந்த செய்தியை அழித்துவிடுகிறார்கள். பிறகு புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் டப்பா வழியும். பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும் என்பது அப்போது தெரியவரும்.

கசிவைத் தேட நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பார்ப்பார்கள். பெடலுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பூஸ்டர் இல்லாத வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க வாஷர் போனால் ஆயில் பெடல் வழியாகக் கால்மிதியில் சொட்டும். பூஸ்டர் உள்ள வண்டியில் அது பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். வெளியே ஒரு பொட்டுகூடத் தெரியாது. மட்டம் குறைகிறது, எங்கும் ஈரமில்லை என்றால் சந்தேகம் முதலில் போக வேண்டிய இடம் அது. மாஸ்டர் சிலிண்டரைத் தாங்கும் இரண்டு நட்டைக் கழற்றி, பைப்பை வளைக்காமல் கொஞ்சம் முன்னே இழுத்துப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும்.

அம்பாசடரின் பின்சக்கரம் வேறொரு சிக்கலை வைத்திருக்கிறது. அங்கே டிரம்முக்குள் ஈரம் கண்டால் அது வீல் சிலிண்டரிலிருந்து வந்த பிரேக் ஆயிலா, ஆக்ஸில் சீலைத் தாண்டி வந்த கியர் ஆயிலா என்று பிரித்தாக வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் பிரேக் ஆயில் கரையும். கியர் ஆயில் மிதக்கும். அதன் கந்தக வாடையே பாதி சொல்லிவிடும். 800 முன்சக்கரத்தால் ஓடும் வண்டி. அதன் பின் டிரம்மில் கியர் ஆயில் வர வழியே இல்லை. கிரீஸ் இல்லாத ஈரம் என்றால் வீல் சிலிண்டர்தான்.

பெடல் என்ன சொல்கிறது

வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பதுதான் பிரேக் சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசிச் சோதனை. முதல் சோதனை நின்ற இடத்தில், இன்ஜினை அணைத்துவிட்டு நடக்க வேண்டும்.

பழைய வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார், “முதல் மிதிக்குக் கீழே போகுது, ரெண்டாவது மிதிக்கு நிக்குது.” உடனே வரும் பதில், “ஏர் இருக்கு, எடுத்துடலாம்.” பாதி நேரம் இது தவறான பதில். இரண்டாவது மிதியில் பெடல் உயர்ந்துவருவதற்குக் குறைந்தது இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று காற்று. மற்றொன்று டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி கூடிப்போயிருப்பது. லைனிங் தேய்ந்திருக்கும், இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து நின்றிருக்கும். ஒரு மிதியில் போகும் ஆயில் ஷூவை டிரம்வரை நகர்த்தப் போதாது. அடுத்த மிதி வந்துதான் சேர்க்கும்.

இரண்டையும் பிரிக்கத் தெரிய வேண்டும். இரண்டாவது மிதியில் உயர்ந்து நின்ற பெடலைக் காலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக நின்றால் காற்று இல்லை, இடைவெளிதான். உயரத்தில் நின்றும் ரப்பராக எகிறினால் காற்று. இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு மிதித்துப் பார்க்கலாம். ஹேண்ட் பிரேக் பின் ஷூக்களை டிரம்மோடு ஒட்டவைத்துவிடும். அப்போது முதல் மிதியிலேயே பெடல் உயரமாக நின்றுவிட்டால் குற்றவாளி பின் ஷூ இடைவெளி என்பது ஏறக்குறைய உறுதி. பைசா செலவில்லாத சோதனை இது. ஆனால் நாலு சக்கரமும் டிரம்மாக உள்ள அம்பாசடர், பத்மினிகளில் இது பாதிச் சாட்சிதான்; முன் டிரம்களின் இடைவெளியைப் பற்றி ஹேண்ட் பிரேக் எதுவும் சொல்லாது. அங்கே ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும்வரை திருப்பி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை தளர்த்திப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

அடுத்தது, மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்குவது. சிக்னலில் நிற்கும்போதுதான் இது முதலில் கண்ணில் படும். வெளியே கசிவு இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்து ஆயில் பின்னால் நழுவுகிறது என்று பொருள். இதில் இரண்டு பொறிகள். தேய்ந்த வாஷர் ஓங்கி மிதித்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும். மெல்ல மிதித்தால்தான் நழுவவிடும். சந்தேகப்பட்டு ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு “நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவிடுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். விரல்நுனிக் கனத்தில் அரை நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது பொறி இதற்கு நேர்மாறு: பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடும்போது பலமாக மிதித்தால் நல்ல பிரேக்கிலும் பெடல் சற்று இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து மாஸ்டர் சிலிண்டர் மாற்றியவர்கள் உண்டு. அணைத்த இன்ஜினில் செய்த சோதனையே செல்லும்.

காற்றுதான் என்று முடிவாகி, ஏர் எடுக்க இறங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் ஓடும் நீளம் மட்டும் வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் துருவும் படிவமும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் வாஷர் அந்தச் சொரசொரப்பில் ஏறி வெட்டுப்படும். “ஏர் எடுத்தார்கள், மறுநாள் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது” என்ற பழைய புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினால் தப்பிக்கலாம்.

பெடல் கல்லாக இருக்கிறது, நிறுத்தப் பலம் போதவில்லை என்றால் பார்வை பூஸ்டர் பக்கம் திரும்ப வேண்டும். இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்து, மிச்சமுள்ள வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. அசையாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினிலிருந்து வரும் வேக்குவம் ஹோஸும் அதிலுள்ள ஒருவழி வால்வும்; பூஸ்டரையே கழற்றுவது அதற்குப் பிறகு. பல டீசல் கார்களில் இந்த வெற்றிடத்தைத் தருவது ஆல்டர்னேட்டரோடு ஒட்டிய பம்ப். அது களைத்தாலும் பெடல் இறுகும். பூஸ்டரின் டயஃப்ரம் கிழிந்திருந்தால் பிரேக்கை மிதிக்கும்போது உஸ்ஸென்ற சத்தமும் இன்ஜின் ஐடிலிங்கில் தடுமாற்றமும் வரும். இதையெல்லாம் பார்க்குமுன், அந்த வண்டியில் பூஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. புது வண்டி ஓட்டிப் பழகிய கால் பூஸ்டர் இல்லாத பழைய அம்பாசடரில் ஏறினால் எல்லாமே கோளாறாகத்தான் தெரியும்.

மலை இறக்கம் சொல்லும் கதை

ஒர்க்‌ஷாப்பில் எவ்வளவு தேடினாலும் அகப்படாத கோளாறு ஒன்று உண்டு. மலையிலிருந்து இறங்கும்போது பெடல் தரைக்குப் போனது; ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஸ்பேனர் உதவாது. நடந்ததை வரிசையாகக் கேட்டறிய வேண்டும்.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். விபத்துகள் தொடர்ந்ததால் வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை வந்தது. அங்கே பிரேக்குக்கு என்ன நேர்கிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஆட்களும் சாமானுமாக 900 கிலோ எடையில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஓடும் காரை நிறுத்த, பிரேக் 1.8 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். அதே கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் தீர்க்க வேண்டியது சுமார் 88 லட்சம் ஜூல். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அந்த வேகத்திலிருந்து கிட்டத்தட்ட ஐம்பது முறை தொடர்ந்து நிறுத்தியதற்குச் சமம். ஏறிய கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இந்தச் சுமையில் பெரும்பங்கை இன்ஜின்மேல் ஏற்றத்தான்.

இந்த வெப்பத்தில் பிரேக் இரண்டு விதமாகத் தோற்கும். இரண்டையும் பெடலே பிரித்துச் சொல்லும். பெடல் கெட்டியாக, உயரமாக நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் லைனிங் சூடேறி உராய்வை இழந்திருக்கிறது. பெடல் தொளதொளவென்று தரைக்குப் போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. முதலாவதில் லைனிங்கின் தரத்தையும் டிரம்மின் நிலையையும் பார்க்க வேண்டும். இரண்டாவதில் ஆயிலின் வயதை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த அளவுகோல் 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு 230, 155. ஐந்தாறு ஆண்டு மாற்றாத ஆயிலோடு தெருவுக்குள் ஓடும் வண்டியில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. மலையில்தான் தெரியும். அதிலும் ஒரு விநோதம்: பலருக்குப் பெடல் போவது இறங்கும்போது அல்ல, பாதி வழியில் டீக்கடையில் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும்போது. ஓட்டத்தில் காற்றுப் பட்டுக்கொண்டிருந்த காலிப்பர், வண்டி நின்றதும் டிஸ்க்கின் சூட்டையெல்லாம் வாங்கி உள்ளே இருக்கும் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. “டீ குடிச்சிட்டு எடுத்தேன், பிரேக்கே இல்ல” என்று யாராவது சொன்னால் அந்த ஒரு வரியிலேயே ஆயில் என்று முடிவுகட்டலாம். நிறத்தைப் பார்த்து ஈரத்தைச் சொல்ல முடியாது. ஈரம் காட்டும் பேனா போன்ற கருவிகள் கிடைக்கின்றன. என் கருத்தில், கடைசியாக மாற்றிய தேதி தெரியாத ஆயிலுக்கு எந்தச் சோதனையும் வேண்டாம், மாற்றிவிடுவதுதான் மலிவு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற வழக்கமான கணக்கு நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பொருத்தமானதே.

விடாத பிடி

மூன்றாவது கேள்விக்கு, அதாவது காலை எடுத்தும் விடாத பிரேக்குக்கு, வருவோம். மைலேஜ் குறையும், சக்கரம் சுடும், ஒரு பக்கம் கருகல் வாடை வரும். பிரேக்கை அதிகம் தொடாமல் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நாலு ரிம்மிலும் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோனால் எது சுடுகிறது என்று தெரியும். நேரடியாகத் தொட வேண்டாம். தூரத்திலிருந்து சூட்டை அளக்கும் தெர்மாமீட்டர் இருந்தால் இடது வலது வித்தியாசத்தை எண்ணாகவே பார்க்கலாம்.

சுடும் சக்கரத்தைத் தூக்கி, பெடலை ஒருமுறை மிதித்து விட்டபின் சுற்றிப் பார்க்க வேண்டும். நிற்கிறதா? நிப்பிளைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது. திறந்தும் விடவில்லை என்றால் கோளாறு இரும்பில்: காலிப்பர் பின், பிஸ்டன், பின்சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிள். இந்த ஒரு சோதனை பாதித் தேடலை முடித்துவிடும்.

அழுத்தம் சிக்கியிருந்தால் அடுத்த படி, மறுபடி மிதித்துச் சக்கரத்தைப் பிடிக்கவைத்து, இம்முறை ரப்பர் ஹோஸுக்கு மேலே இரும்புப் பைப் சேரும் இணைப்பைத் தளர்த்துவது. அப்போது விடுபட்டால் அடைப்பு இன்னும் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ். இருபது முப்பது வருட ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்சுவர் உரிந்து ஒருவழிக் கதவாகியிருக்கும். காலின் பலம் ஆயிலைத் தள்ளி அனுப்பிவிடும். திரும்பிவர அதற்குப் பலம் இருக்காது. இந்தக் கோளாறுக்குக் காலிப்பர் மாற்றியவர்கள் அநேகம். ஹோஸைக் கிளிப் போட்டு நசுக்கி எந்தச் சக்கரம் என்று பார்க்கும் வழக்கமும் ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. புது ஹோஸில்கூட அது வேண்டாத வேலை. பழைய ஹோஸில், சோதனையே ஹோஸைக் கொன்றுவிடும்.

நாலு சக்கரமும் சேர்ந்து பிடித்தால் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றத் தேவையில்லை. பெடல் தண்டுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளி இல்லாமல் போயிருக்கலாம். அப்போது ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறுதுளை மூடியே கிடக்கும். இல்லையேல் யாரோ இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ பிரேக் டப்பாவில் ஊற்றியிருக்கிறார்கள். கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர்கள் ஊதிப்பெருக்கும். டப்பா மூடியில் உள்ள ரப்பர் உப்பி, மூடி திரும்பப் பொருந்தாமல் அடம்பிடித்தால் அதுவே அடையாளம். தண்ணீர்ச் சொட்டுச் சோதனை இங்கும் உதவும். இந்த நிலையில் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. பைப்பைக் கழுவி, மாஸ்டர் சிலிண்டர் தொடங்கி ஹோஸ்வரை ரப்பர் உள்ள அத்தனையையும் மாற்றியாக வேண்டும்.

நீண்ட நாள் நின்ற வண்டி தனி இனம். ஹேண்ட் பிரேக் போட்டபடி மழைக்காலம் முழுதும் நின்றால் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் இதைப் பரவலாகப் பார்க்க முடிந்தது. இன்ஜின் பலத்தால் இழுத்து விடுவிக்கப் போனால் லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்துவரும். டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும், அதற்கும் வராவிட்டால் அட்ஜஸ்டரைத் தளர்த்தி டிரம்மைக் கழற்றுவதுமே வழி. நிறுத்திவைக்கும் வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுவைப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

இழுப்பு, அதிர்வு, சத்தம்

பிரேக் போட்டால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. உடனே இடதுசக்கரத்தைக் கழற்றுவார்கள். ஆனால் இழுக்கிற பக்கம் வேலை செய்கிற பக்கம். பெரும்பாலும் கோளாறு வலப்புறத்தில்தான் இருக்கும். வலது காலிப்பர் இறுகியிருக்கலாம், வலது லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம். இடதுசக்கரம் சூடாகவும் இருந்தால்தான் சந்தேகம் அங்கே திரும்ப வேண்டும். அதற்கும் முன்னால் டயர் காற்றைச் சரிபார்க்க வேண்டும், சமதளமான ரோட்டில் சோதிக்க வேண்டும். நம் ரோடுகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சரிந்தவை; இடப்பக்கம் ஓட்டும் வண்டி பிரேக் தொடாமலே சற்று இடப்பக்கம் ஒதுங்கும். பிரேக் தொடாதபோதும் இழுத்தால் அது அலைன்மென்ட் அல்லது டயர் விவகாரம்.

ஸ்டியரிங் நடுங்கினால் முன்பக்கம், இருக்கையும் பெடலும் துடித்தால் பின்பக்கம் என்பது பொதுவிதி; விதிவிலக்கும் நிறைய. ஆளில்லாத ரோட்டில் குறைந்த வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கை மட்டும் மெல்ல இழுத்துப் பார்த்தால், அதே துடிப்பு வந்தால் பின் டிரம் என்று முடிவு செய்யலாம். முன் டிஸ்க் என்றால் “டிஸ்க் வளைஞ்சிருக்கு” என்பார்கள். வளைவைவிட அதிகம் காண்பது டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருப்பது. நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசமே காலுக்குத் தெரியும்; கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மைக்ரோமீட்டர் வேண்டும். லேத்தில் கடையக் கொடுக்கும் முன் குறைந்தபட்சத் தடிமனைப் பார்க்க வேண்டும். பல டிஸ்க்குகளில் அது பொறித்தே இருக்கும். ஹப்பில் படிந்த துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க் மாட்டினால் புதிதும் துடிக்கும்.

சத்தத்தை நான் கடைசியில் வைக்கிறேன், காரணத்தோடு. ஆட்களை ஒர்க்‌ஷாப்புக்கு ஓடவைப்பது சத்தம்தான், ஆனால் சாட்சிகளில் மிகப் பலவீனமானது அது. மழைக்கு மறுநாள் காலை முதல் இரண்டு மிதியில் வரும் கரகரப்பு டிஸ்க்கின் மேல்துரு; தானே போய்விடும். தொடர்ந்த கீச்சொலி சில பேட்களில் தேய்மானம் காட்டவே வைத்த தகட்டின் ஒலி. இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் மட்டும் தள்ளிப்போட முடியாதது: அன்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். பேட் 3 மி.மீ.க்குக் கீழே வந்தால் மாற்றிவிடலாம். ரிவெட் அடித்த லைனிங்கில் ரிவெட் தலை டிரம்மைத் தொடும்வரை காத்திருந்தால் லைனிங்கோடு டிரம்மும் செலவில் சேரும்.

டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு; அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து எடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் உடம்பை விடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பின்சக்கரத்தைச் சோதிக்க ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும், அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பது முன்சக்கரத்துக் கட்டைகள் மட்டுமே.

எதுவரை நாம், எங்கிருந்து மெக்கானிக்

வீட்டுச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. இடது வலது பிரேக்கின் பலத்தை எண்ணாகச் சொல்ல ரோலர் இயந்திரம் வேண்டும். தானியங்கி வாகனச் சோதனை நிலையங்களில் அது இருக்கிறது. இரும்புப் பைப்பை வெட்டி முனை விரிப்பது, மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் வாஷர் கிட் போடுவது ஆகியவை கைப்பழக்கம் கேட்கும் வேலைகள். கிட் போடுவது பற்றி இரண்டு கட்சி உண்டு. உள்சுவர் வழவழப்பாக இருந்தால் கிட் போதும் என்பது ஒன்று. பழைய வண்டிக்கு முழு சிலிண்டர்தான் என்பது மற்றொன்று. நகம் தட்டுப்படும் கோடோ குழியோ இருந்தால் நான் இரண்டாவது கட்சி. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவு வாங்கலாம், விளக்கு வாங்கலாம்; ரப்பர் உள்ள பிரேக் பாகத்தை அங்கே தேட வேண்டாம்.

பெடல் தரைக்குப் போகிறது, ஆயில் கசிகிறது, வண்டி பலமாக ஒரு பக்கம் பாய்கிறது என்ற மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டிப்போகக் கூடாது. மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும். மற்றபடி, பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்: “இன்ஜின் அணைத்த நிலையில் பெடல் மெல்ல இறங்குகிறது, வெளிக்கசிவு இல்லை”, “வலது முன்சக்கரம் பிடிக்கிறது, நிப்பிள் திறந்தால் விடுகிறது, பைப் இணைப்பைத் தளர்த்தினால் விடவில்லை.” இப்படி எழுதியதைப் படிக்கும் மெக்கானிக் நாலு சக்கரத்தையும் கழற்ற மாட்டார்; கழற்றவும் விரும்ப மாட்டார், அவருக்கும் நேரம் மிச்சம்.

வண்டி திரும்பி வந்ததும் அதே சோதனைகளை அதே வரிசையில் மறுபடி செய்ய வேண்டும், முதலில் நின்ற இடத்தில், பிறகு காலி ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில். புது பேட்டும் லைனிங்கும் டிஸ்க்கோடும் டிரம்மோடும் முழுப்பரப்பில் பொருந்த 200, 300 கி.மீ. ஆகும். அதுவரை பிரேக் கொஞ்சம் மந்தமாக இருப்பது இயல்பு. பெடல் இறங்குவதும் சக்கரம் சுடுவதும் இயல்பல்ல. அவை இருந்தால் தாளோடு அன்றே திரும்பிப் போக வேண்டியதுதான்.